புட்டித் தக்கையின் இரண்டாம் உத்தியோகம்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவர், வழிநெடுக உள்ள காயலான் கடைகளைப் பார்த்துக்கொண்டே போவாரானால், துருப்பிடித்த சங்கிலியும் பித்தளைத் திருகும் கிழிந்த சாக்கும் காலிப் புட்டியும் குவிந்து கிடக்கும் அந்தக் காட்சியில், விலைபோகாத பதார்த்தம் என்று உலகத்தில் ஒன்று உண்டா என்று ஐயுறவே நேரும். ஒன்று உண்டு. காலிப் புட்டிக்கு அங்கே விலை கிடைக்கும். அந்தப் புட்டியின் வாயை அதுவரை அடைத்துக்கொண்டிருந்த தக்கைக்கோ குப்பைத் தொட்டியே கதி. நட்சத்திர ஓட்டல்களின் விருந்துக் கூடங்களிலிருந்தும், கடல் கடந்து வரும் உறவினர்களின் பெட்டிகளிலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் இந்தத் தக்கைகள், குப்பையோடு குப்பையாய்க் கொடுங்கையூர் மேட்டுக்குப் போய்ச் சேருவது தகுமா என்பதே நமது விசாரணை. மதுவுக்குப் பரிந்து பேசும் எண்ணம் நமக்கு இல்லை. நாம் பேசப்போவது மூடியைப் பற்றி, மூடிக்குப் போதை கிடையாது.

தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மத்தியதரைக் கடலின் மேற்குக் கரைகளில் வளரும் இம்மரம் ஏறத்தாழ 25 வயதை எட்டிய பிறகே முதன்முதலில் பட்டை உரிக்கப்படும். அதன்பின், உலகத் தேவையில் சுமார் பாதியை அளிக்கும் போர்ச்சுக்கல் நாட்டில், ஒருமுறை உரித்த மரத்தை மீண்டும் உரிப்பதற்கு 9 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு அறுவடைகளின் பட்டை கரடுமுரடாயிருப்பதால் மூடிக்கு உதவாது, மூன்றாவதே உதவும். ஆகவே, விருந்து முடிந்ததும் நாம் அலட்சியமாகத் தூக்கியெறியும் அந்தச் சிறு உருளை, ஒரு மரம் நாற்பது ஆண்டுகளுக்குமேல் வெயிலில் நின்று சம்பாதித்த பொருள்.

1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி தக்கையின் மெல்லிய சீவலொன்றைப் நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்கியபோது, சுவரால் சூழப்பட்ட எண்ணற்ற சிற்றறைகளைக் கண்டார். உயிர்நூலில் இன்று நாம் பேசும் செல் என்ற பெயர் அன்று பிறந்ததே. ஒரு கன சென்டிமீட்டர் தக்கையில் இத்தகைய அறைகள் ஏறக்குறைய நான்கு கோடி இருக்கும். ஒவ்வோர் அறையும் நாற்புறமும் மூடியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றே. சுவரில் சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள கொழுப்புப் பொருள் மிகுதியாய்ப் படிந்திருக்கிறது. மிதப்பதும், அமுக்கினால் சுருங்கி விட்டால் விரிவதும், வெப்பத்தை எளிதில் கடத்தாமையும், நீரை உள்ளே விடாமையும் ஆகிய தக்கையின் குணங்கள் யாவும் இந்த அறை அமைப்பிலிருந்தும் அந்தச் சூபரினிலிருந்துமே விளைகின்றன.

நம் நாட்டுக்கும் இவ்விஷயத்தில் ஓரளவு பங்கு உண்டு. சென்னைச் சாலைகளில் இரவெல்லாம் வெண்பூச் சொரியும் மரமல்லியின் பட்டை, அசல் தக்கைக்கு மட்டமான மாற்றாக முற்காலத்தில் உபயோகப்பட்டதாலேயே ஆங்கிலேயர் அதை இந்தியத் தக்கை மரம் என்றனர். குளங்களில் விளையும் நெட்டியின் வெண்மையான உட்சோறு, தஞ்சையில் கோபுரமாகவும் மாலையாகவும் சிற்பமாவதோடு, வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் தலையில் தொப்பியாகவும், தூண்டிற் கயிற்றில் மிதப்பாகவும் இருந்திருக்கிறது. ஆயினும் நெட்டி நாளடைவில் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். தக்கையோ மிக மெதுவாகவே நனையும். இந்தக் கடற்கரையின் பழைய கட்டுமரமும் வயிறு குடைந்த தோணி அன்று. கட்டையின் லேசான தன்மையாலேயே மிதந்தது. அலை மேலே ஏறி வழிந்தோடினாலும் அது மூழ்காது என்பதே அதன் பெருமை. தக்கையின் தத்துவமும் அதுவே.

இனி, உபயோகத்துக்கு வருவோம். காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் வலையின் மேல்விளிம்பை நீர்மட்டத்தில் நிறுத்துவதற்கு மிதப்புகளும், கீழ்விளிம்பை இறக்குவதற்கு ஈயக்குண்டுகளும் கட்டுவார்கள். தொழிற்சாலையில் செய்த பிளாஸ்டிக் மிதப்பு கிடைக்காத இடத்தில், தேய்ந்த ரப்பர்ச் செருப்பை அறுத்தும், தெர்மாகோல் துண்டைக் கட்டியும் ஒப்பேற்றுவது நம் கரையெங்கும் காணும் வழக்கம். இங்கே புட்டித் தக்கை உதவுமா என்று கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரணமான ஒரு தக்கை 24 மில்லிமீட்டர் விட்டமும் 45 மில்லிமீட்டர் நீளமும் உடையது. கொள்ளளவு சுமார் 20 கன சென்டிமீட்டர். எடை 3 அல்லது 4 கிராம். அது ஒதுக்கும் கடல்நீரின் எடை 21 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. எனவே ஒரு தக்கை நீருக்குள் தாங்கக்கூடிய பாரம் ஏறக்குறைய 17 கிராம்; ஒரு கிலோ பாரத்தைத் தாங்க அறுபது தக்கை வேண்டும். விசைப்படகுக்காரருக்கு இந்தக் கணக்குக் கட்டாது. ஆனால், கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று சிறுவலை வீசுபவருக்கும், தூண்டில் போடுபவருக்கும், நண்டுக் கூட்டுக்கு அடையாள மிதப்புக் கட்டுபவருக்கும் தாராளமாய்க் கட்டும். தெர்மாகோல் உடைந்தால் வெண்மணிகளாய்ச் சிதறிக் கடலில் என்றென்றும் அலையும். தக்கை உடைந்தால் வெறும் மரப்பட்டை. இந்த வித்தியாசம் ஒன்றே போதும், நான் தக்கையின் கட்சியில் சேருவதற்கு.

ஆயினும் இந்த வட்டாரத்துக்குத் தக்கை செய்யக்கூடிய உபகாரங்களில் முதன்மையானது மிதப்பு அன்று, நீரில் சிந்திய எண்ணெயைப் பற்றுதல். 2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, கசிந்த கனத்த எரியெண்ணெய் கரையொதுங்கிக் கருஞ்சேறாய்ப் படிந்ததையும், அதை மனிதர்கள் வாளிகொண்டு அள்ளியதையும் நாடே கண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் கொசஸ்தலையாற்றின் வழியாகவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிப் படகையும் வலையையும் பாழாக்கி, கூழைக்கடாக்களின் இறகிலும் ஒட்டியது. அப்பொழுதும் மீனவர் கையில் இருந்தவை குவளையும் வாளியுமே.

தக்கையின் சூபரின், கொழுப்போடு உறவும் நீரோடு பகையும் கொண்டது. ஆகையால் எண்ணெய் மிதக்கும் நீரில் தக்கைத் துகளை இட்டால், அது நீரை விலக்கி எண்ணெயைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். எண்ணெய் ஏறிய பின்னும் மூழ்காமல் மிதக்கும். ஐரோப்பாவில் இதையே வியாபாரப் பொருளாக்கி, வெப்பத்தால் விரிக்கப்பெற்ற தக்கைத் துகள் தன் எடையைப்போல் பன்மடங்கு எண்ணெயைப் பிடிக்கும் என்று விற்கிறார்கள். ஆனால் முழுத் தக்கையைத் தூக்கிக் கழிமுகத்தில் போட்டுவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளலாம் என்று எவரும் நினைக்கவேண்டாம். அதன் அறைகள் மூடியவையாதலால் எண்ணெய் மேற்பரப்பில்தான் பற்றும். மேற்பரப்புப் பெருகவேண்டுமானால் தக்கை பொடியாகவேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் ஆயிரம் துண்டு, 60 சதுர சென்டிமீட்டர். பொடியைத் தளர்வாகத் தூவுவதும் பிழை. மீனும் ஆமையும் அதை இரையென்று எண்ணி விழுங்கக்கூடும். குளிர்காலத்தில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் இந்தக் கரையின் விருந்தாளிகள் அல்லவா? நெருக்கமான வலைத்துணியில் நீண்ட பையாகத் தைத்து, உள்ளே பொடியை நிரப்பி, நீர்மேல் வேலிபோல் நீட்டுவதே முறை. கருஞ்சேறாய் இறுகிவிட்ட எண்ணெய்க்கு இது பயன்படாது. அதற்கு வாளியும் கையும்தான். நீரின்மேல் வானவில் வண்ணத்தில் மினுக்கும் மெல்லிய ஏட்டுக்கே இது மருந்து. படகுத்துறையில் எஞ்சின் டீசல் சிந்துவதால் அன்றாடம் உண்டாவது அத்தகைய ஏடே.

வீட்டு உபயோகங்களை விஸ்தரிக்க வேண்டியதில்லை. அறுத்து ஒட்டினால் சூடான பாத்திரத்துக்கு மணை. ஆடும் மேசைக்கால் அடியில் ஒரு வில்லை. தூண்டில் முள்ளையும் ஊசியையும் குத்திவைக்க ஒரு முழுத்தக்கை. பிள்ளைகளுக்குக் காந்தமேற்றிய ஊசியை ஒரு தக்கை வில்லையில் செருகிக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டுக் காட்டுங்கள். அது வடதிசை பார்த்து நிற்கும். துறைமுகத்துக் குழந்தை மாலுமியின் சாஸ்திரத்தை அங்கேயே கற்றுவிடும். தெருவில் ஆடும் கார்க் பந்து முதல் கிரிக்கெட்டுப் பந்தின் நடுக்கரு வரை தக்கை ஏற்கெனவே நம் பிள்ளைகளின் தோழனே.

வெப்பம் தடுப்பதும் தக்கையின் தொழிலே. அமெரிக்காவில் தக்கை அடைத்த உயிர்காப்புச் சட்டைகள் செய்துவந்த ஜான் ஸ்மித் என்பவர், தக்கைத் துகள் அடைபட்ட தகரக்குழாய் ஒன்று நெருப்பில் அகப்பட்டு இரவு முழுதும் கிடந்ததில், துகள்கள் பசையின்றித் தாமே ஒட்டிக் கட்டியாகியிருப்பதை 1890-களின் தொடக்கத்தில் கண்டாராம். தக்கையின் சொந்தப் பிசினே பசையானது. வெப்பம் தடுக்கும் கரிய தக்கைப் பலகை இன்றும் அம்முறையில்தான் செய்யப்படுகிறது. மீன் ஐஸ் பெட்டிகளும் குளிர்சாதனக் கிடங்குகளும் நிறைந்த நம் வட்டாரத்தில், மலிவான வெப்பத் தடுப்புக்குத் தேவை எவ்வளவு என்பதை எந்த மீன் வியாபாரியும் சொல்வார்.

இத்தனைக்கும் தடையாக இருப்பது ஒன்றே: சேகரிப்பு. ஒரு வீட்டில் ஆண்டுக்குச் சேரும் தக்கை ஒரு பிடிக்குமேல் இராது. ஓர் ஓட்டலிலோ கூடை கூடையாய்ச் சேரும். ஆகவே ஓட்டல் நடத்துவோரும் கல்யாண விருந்து நடத்துவோரும் பழைய தக்கையைத் தனிச் சாக்கில் போட்டு, கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கோ குப்பத்து மீனவர் சங்கங்களுக்கோ அனுப்பிவையுங்கள். அனுப்புமுன் ஒவ்வொன்றையும் கத்தியால் ஒரு கீறு கீறிப் பாருங்கள்: பழுப்பு வரிகளும் சிறு துளைகளும் தெரிந்தால் அசல் பட்டை, வழவழப்பான மேல்தோலும் உள்ளே ஒரே சீரான நுரையும் தெரிந்தால் அது பிளாஸ்டிக், அதைச் சாக்கில் சேர்க்காதீர்கள்.