கேம் போய் கருவியின் தொடுமுனைகள்

யப்பான் நாட்டின் கியோத்தோ நகரிலுள்ள நின்டெண்டோ நிறுவனத்தில், குன்பெய் யொக்கோய் என்னும் பொறியியலாளரின் தலைமையில் உருவான 'கேம் போய்' எனும் கையடக்க விளையாட்டுக் கருவி, 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி விற்பனைக்கு வந்தது. அதுவும் அதன் வழிவந்த வண்ணத்திரைக் கருவியும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்பனையாயின. 2003ஆம் ஆண்டுடன் அவற்றின் உற்பத்தி நின்றது. ஆதலின், எஞ்சியிருப்பவற்றைப் பேணுதல் இன்றியமையாதது. பழுதென்று ஒதுக்கப்படுபவற்றுட் பல உண்மையிற் பழுதுற்றவை அல்ல. அவற்றின் தொடுமுனைகளில் அழுக்குப் படிந்திருப்பதே குற்றம்.

இக்கருவிக்குரிய ஒவ்வொரு விளையாட்டும் காட்ரிட்ஜ் எனப்படும் சிறிய பிளாஸ்டிக் கூட்டினுள் அடங்கியுள்ளது. அதன் கீழ் விளிம்பில் 32 உலோகத் தொடுமுனைகள் வரிசையாக அமைந்துள்ளன. கருவியின் பள்ளத்தினுள்ளே அவற்றுக்கு நேரே 32 வில்முனைகள் உள்ளன. இம்முனைகளுள் 16, நினைவகத்தில் எவ்விடத்தைப் படிக்கவேண்டும் என்னும் முகவரியைக் கொண்டுசெல்பவை. 8 முனைகள் அங்கிருந்து பெறப்படும் தரவை மீட்டுவருபவை. எஞ்சிய 8 முனைகளும் மின்வலு, கடிகாரத் துடிப்பு முதலியவற்றுக்கு உரியவை. இவற்றுள் ஒரு தரவுமுனை தொடாதுவிடினும், படிக்கப்படும் ஒவ்வோர் எண்ணிலும் ஒரு கூறு பிழைபடக்கூடும்.

அப்பிழையைக் கருவி தானே காட்டிக்கொடுக்கின்றது. ஆளியை இட்டவுடன் திரையின் மேற்புறத்திலிருந்து நிறுவனத்தின் பெயர் மெல்ல இறங்கிவருவதைப் பலரும் கண்டிருப்பர். அப்பெயரின் வடிவம் காட்ரிட்ஜிலுள்ள 48 பைற் தரவிலிருந்து படிக்கப்படுவதாகும். அதனைத் திரையில் இட்டபின், கருவி தன்னகத்தே உள்ள மூலப்படியுடன் அதனை ஒப்பிடும். இரண்டும் ஒவ்வாவிடின் மேற்கொண்டு இயங்காது. எனவே, எழுத்துகள் சிதைந்து தோன்றினால் சில முனைகள் தொடவில்லை என ஐயுறலாம். எழுத்தே இன்றிக் கரிய கட்டமொன்று இறங்கினால், காட்ரிட்ஜிலிருந்து தரவு எதுவும் வரவில்லை என்பது பொருள்.

அழுக்கு எவ்வாறு சேர்கின்றது? தொடுமுனைகளின் மீதுள்ள மெல்லிய பொற்பூச்சு காற்றினாற் கெடுவதில்லை. ஆயினும், விரல்களின் எண்ணெய்ப்பசையும் தூசியும் அதன்மேற் படிகின்றன. பூச்சுத் தேய்ந்த இடங்களில் அடியிலுள்ள உலோகம் ஈரத்தினால் அரிப்புறுகின்றது. காட்ரிட்ஜை வாயால் ஊதி மீண்டும் செருகுவது சிறுவரிடையே உலகெங்கும் பரவியிருந்த வழக்கம். சிலவேளை அதன்பின் கருவி இயங்கியதும் உண்டு. அது மூச்சின் பயன் அன்று. கழற்றிச் செருகும்போது முனைகள் உராய்ந்து புதிதாய்த் தொடுவதன் பயனே. மூச்சிலுள்ள ஈரமோ அரிப்பை வளர்க்கும்.

துப்புரவு செய்ய வேண்டுவன, 90 வீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் அற்ககோலும் சில பஞ்சுமுனைக் குச்சிகளுமே. முதலில் ஆளியை நிறுத்தி, மின்கலங்களை நீக்கிவிடல் வேண்டும். குச்சியை அற்ககோலிற் சிறிது நனைத்து, முனைகளின் நீளவாட்டில் மென்மையாகத் தேய்த்தல் வேண்டும். பஞ்சிற் கருமை தோன்றும். அது தோன்றாதுவிடும் வரை குச்சியை மாற்றி மாற்றித் தேய்க்கலாம். கருவியின் பள்ளத்திற்குக் குச்சி எட்டாது. ஆதலின், காட்ரிட்ஜின் முனைகளைச் சிறிது நனைத்துப் பலமுறை செருகி எடுத்து, ஒவ்வொரு முறையும் முனைகளைத் துடைத்துவிடலாம். ஈரம் முற்றாக உலர்ந்த பின்னரே ஆளியை இடல் வேண்டும். அற்ககோல் மேலொட்டிய படத்திலும் திரையிலும் படாமற் காத்தல் நன்று.

உப்புத்தாள், உருக்குக் கம்பிப் பஞ்சு ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அவை அழுக்கோடு பொன்னையும் சுரண்டிவிடும். அன்று பளபளக்கும் முனை பின்னர் முன்னிலும் விரைந்து கெடும். காட்ரிட்ஜைத் திறப்பதும் பெரும்பாலும் வேண்டாத செயல். 1996ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த 'போக்கிமொன்' போன்ற விளையாட்டுகளில், ஆடியவர் சேமித்த நிலை உள்ளேயுள்ள சிறு மின்கலத்தினாலேயே காக்கப்படுகின்றது. அம்மின்கலம் கழன்றால், ஒருவர் சிறுவயதிற் பல மாதம் முயன்று பெற்ற நிலை அக்கணமே அழிந்துவிடும். கருவி இயங்கும்போது காட்ரிட்ஜைப் பிடுங்குவதும் அத்தகைய இடரை விளைவிக்கலாம். முதற் கருவியை வகுத்தோர் அதனை எண்ணியே, ஆளியை இட்டதும் ஒரு சிறு நாக்கு காட்ரிட்ஜின் மூலைவெட்டிற் புகுந்து அதனைப் பிடித்துக்கொள்ளுமாறு அமைத்தனர்.

இவ்வாறு துடைத்த பின்னரும் எழுத்துச் சிதைந்தே தோன்றினால், வேறொரு காட்ரிட்ஜை இட்டுப் பார்த்தல் வேண்டும். அது செவ்வனே இயங்கின் குற்றம் முதற் காட்ரிட்ஜினது. அதுவும் இயங்காவிடின் குற்றம் பெரும்பாலும் கருவியின் வில்முனைகளில் இருக்கும். வளைந்த வில்முனையை நிமிர்த்துவது கைதேர்ந்தவரின் வேலை. துப்புரவான காட்ரிட்ஜை அதற்குரிய பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஈரமற்ற இடத்தில் வைத்தால், மீண்டும் துடைக்கவேண்டிய தேவை எளிதில் எழாது.