இரும்போடு ஓர் உறவு – 9
மூன்று விளக்குகள்

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒருவர் பெஞ்சில் படுத்தாலே போதும், ஜிம்மில் நாலு பேர் கைதட்டிவிடுகிறார்கள். எத்தனை கிலோ தூக்கினார் என்று கேட்பவர் குறைவு. இந்த வாரம் அந்தக் கிலோ கணக்கைப் பேசுவோம்.

பெஞ்ச் பிரஸ் என்றால் கைக்கும் நெஞ்சுக்குமான பயிற்சி என்றுதான் பலரும் நினைக்கிறோம். தூக்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், காலுக்கும் அதில் பங்கு உண்டு. பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றினால்தான் இடுப்பும் முதுகும் அசையாமல் இருக்கும். போலியோவில் கால் சூம்பியவருக்கு அந்த ஊன்றல் கிடையாது. வழக்கமான பெஞ்சின் அகலமோ ஏறக்குறைய ஓரடி. பார் ஒரு பக்கம் லேசாகச் சரிந்தாலும் உடம்பும் கூடவே சரியும்.

பாரா பவர்லிஃப்டிங்கில் பெஞ்சே வேறு. 2.1 மீட்டர் நீளம், 61 சென்டிமீட்டர் அகலம்; தலைப் பக்கம் மட்டும் குறுகும். கால்களை மேலேயே நீட்டிப் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். சலுகை அத்தோடு சரி. பாரை நெஞ்சுக்கு இறக்கி, அங்கே அசையாமல் நிறுத்தி, இரண்டு கைகளையும் ஒரே சீராக முழுதும் நீட்ட வேண்டும். ஒரு கை முந்தினால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்கு போட்டால்தான் அந்தத் தூக்கு செல்லும்.

ஜலந்தர் மாவட்டத்துக்காரரான ராஜிந்தர் சிங் ராஹேலுவுக்கு எட்டு மாதக் குழந்தையிலேயே போலியோ. நண்பரின் தூண்டுதலால் 1996இல் எடை தூக்க வந்தார். முதலில் 70 கிலோ. ஆறே மாதத்தில் 115. 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 56 கிலோ பிரிவில் 157.5 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். 2006இல் அர்ஜுனா விருதும் வந்தது. ஆனால் 2012 லண்டனில் 175 கிலோவை மூன்று முறை முயன்றும் ஒன்றுகூடச் செல்லவில்லை. பதக்கம் வாங்கியவர், பாவம் என்று எந்த நடுவரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இரண்டே வருடம், கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 185 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். அந்த வெள்ளிக்கு மதிப்பே லண்டனின் கறாரால்தான்.

ஜிம் மாஸ்டர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். ‘இந்த மாதத்தின் சிறந்த உறுப்பினர்’ என்று ஊனமுற்ற ஒருவருக்குச் சால்வை போடுவதில் தப்பில்லை. சால்வையோடு அவருடைய பயிற்சி நோட்டையும் வாங்கிப் பாருங்கள். போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு, எங்கே தேங்கியிருக்கிறது என்று உட்கார்ந்து பேசுங்கள். ஓர் அகலப் பலகை, இரண்டு பட்டை, பாரின் இரு முனையிலும் ஆள், வாசலில் ஒரு சாய்தளம். இவற்றைச் செய்துகொடுத்துவிட்டு, ரெப் பாதியில் நின்றால், மற்றவர்களிடம் சொல்வது போலவே ‘இது கணக்கில் வராது’ என்று அவரிடமும் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: 2016 ரியோ பாராலிம்பிக்கில் 310 கிலோ தூக்கிய ஈரானியர் சியாமந்த் ரஹ்மான்.

(தொடரும்)