துண்டு வெட்டிய பின்னர்

நோய் தணிந்தவர் வீடு திரும்பலாம் என வைத்தியர் ஒப்புதல் அளிப்பதை இலங்கைத் தமிழ் வழக்கில் “துண்டு வெட்டுதல்” என்பர். துண்டு வெட்டியாயிற்று என்று கேட்டதும் நோயாளியின் முகம் மலரும். ஆயினும், அதற்குப் பின்னரும் சிலர் மணிக்கணக்காகவும், சிலர் நாட்கணக்காகவும், மிகச் சிலர் ஆண்டுக்கணக்காகவும் அதே கட்டிலிற் கிடக்கின்றனர். இது ஏன் நிகழ்கின்றது? இதனால் விளையும் தீங்கு யாது?

1864ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கொழும்புப் பெரியாஸ்பத்திரி, இன்று தேசிய வைத்தியசாலை என்னும் பெயருடன், 3,000க்கு மேற்பட்ட கட்டில்களைக் கொண்டு விளங்குகின்றது. கட்டணம் இல்லை, கட்டில் இல்லையென்று நோயாளரைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் இல்லை. வெள்ளவத்தையாருக்கும், கொட்டாஞ்சேனையாருக்கும், ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து மாற்றி அனுப்பப்படும் யாழ்ப்பாணத்தாருக்கும் வாசல் ஒன்றே. விடுதி நிரம்பிவிடின், புதிதாக வந்தவருக்குத் தரையே இடமாகும். ஆகவே, போகவேண்டியவர் போகாதிருக்கும் ஒவ்வோர் இரவும், வந்தவர் ஒருவர் தரையிற் கழிக்கும் இரவாகலாம்.

மணிக்கணக்கான தாமதத்தின் காரணம் எளிது. காலையில் விசேட வைத்தியர் விடுதியைச் சுற்றிப் பார்த்து முடிவு சொல்வார். அதன் பின்னரே இளம் வைத்தியர் நோய்நிர்ணய அட்டையை எழுதவேண்டும். அதே வேளையில் புதிய நோயாளரைக் கவனிப்பதும், பரிசோதனைகளுக்கு ஒழுங்கு செய்வதும் அவர் கடனே. மருந்து வரவேண்டும், கிளினிக்குக்கு நாள் குறிக்கவேண்டும். வீட்டாரோ செய்தி அறிந்து மாலைப் பார்வை நேரத்திலேதான் வந்து சேர்வர்.

நாட்கணக்கான தாமதத்தின் வேர் வைத்தியசாலையில் இல்லை, வீட்டில் இருக்கின்றது. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் வழங்காத ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் அவரும் கணவரும் மட்டுமே வாழ்கின்றனர். பிள்ளைகள் இலண்டனிலும் கனடாவிலும் இருக்கின்றனர். பணம் வரும், தூக்கி இருத்த ஒரு கை வருமா? கொட்டாஞ்சேனையின் நெருக்கமான சிறு வீடொன்றிலோ பிள்ளைகள் அருகிருப்பர். ஆனால் கட்டில் போட இடமிராது, கூலி வேலையை விட்டுப் பக்கத்தில் இருக்கவும் இயலாது. ஓரிடத்தில் ஆள் இல்லை. மற்றோரிடத்தில் இடமும் ஓய்வும் இல்லை. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் “சுவசெரிய” வண்டி 2016 முதல் அவசர நோயாளரை இலவசமாக வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்கின்றது. மீட்டும் வீடு சேர்ப்பது அதன் பணியன்று.

“இன்னும் சில நாள் இருந்தால் நல்லதுதானே” என்று வீட்டார் எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. படுத்தே கிடக்கும் முதியவரின் தசைகள் விரைவில் தளர்கின்றன, படுக்கைப்புண் தோன்றுகின்றது, அயற் கட்டிலின் நோய் தொற்றக்கூடும், பழகாத சூழலில் நினைவும் தடுமாறுகின்றது. நடந்து போயிருக்கக்கூடியவர், காத்திருந்தமையாலேயே நடக்க இயலாதவராகிவிடுவதும் உண்டு.

ஆண்டுக்கணக்கான தாமதத்தை அங்கொடை மனநல வைத்தியசாலை நன்கறியும். அங்கே நோய் தணிந்தும், அழைத்துச் செல்ல உறவினர் வராமையால் முதுமை எய்தியோர் உளர். அவர்களைத் தடுத்து வைத்திருப்பது நோயன்று. வெளியே ஒரு கதவு திறவாமையே.

பிற நாடுகளும் இச்சிக்கலைக் கண்டுள்ளன. சுவீடன் 1992இல் முதியோர் பராமரிப்பை உள்ளூர் நகரசபைகளிடம் ஒப்படைத்து, சிகிச்சை முடிந்தும் வைத்தியசாலையில் தங்குவோரின் செலவையும் அவற்றின் மேல் வைத்தது. இங்கிலாந்து 2003இல் இதையொத்த சட்டம் இயற்றியது. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள் மீது வைக்கின்றது. ஆனால் சட்டம் கடமையைச் சுட்டலாம். கட்டிலருகே ஆளை நிறுத்தாது. நோயாளரின் வீடு சென்று பணிபுரியும் தாதியர் சேவையும், இடைக்காலத் தங்குமிடங்களும் விரிவடைந்தாலன்றி அக்குறை தீராது.

அதுவரை குடும்பங்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, சேர்த்த ஓரிரு நாளிலேயே “எப்போது வீடு திரும்பலாம், அப்போது எவ்வெவ்வுதவி வேண்டியிருக்கும்?” என்று வைத்தியரைக் கேட்டறிதல். இரண்டாவது, பகலில் வரக்கூடிய ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை விடுதித் தாதியிடம் கொடுத்து, வாகனத்தையும் முன்னரே பேசிவைத்தல். மூன்றாவது, பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் அட்டையை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடாது, மருந்தின் அளவையும் வேளையையும் தமக்கு விளங்கும் மொழியிற் கேட்டு எழுதிக்கொள்ளுதல்.

துண்டு வெட்டுபவர் வைத்தியர்; வீட்டு வாசலைத் திறப்பவர் உறவினர். நோயாளி வைத்தியசாலையிற் சேர்ந்த அன்றே வீட்டில் அவருக்கான இடத்தை ஒழுங்குசெய்யத் தொடங்கிவிட்டால், அவர் காலத்தோடு வீடு சேர்வார். தரையிற் கிடக்கும் முகமறியாத இன்னொருவரும் கட்டிலேறுவார்.