குடுவைச் செடி குடம் போடவில்லையா?

"தம்பி, பையன் ஆசையாக் கொண்டுவந்த செடி. இப்ப பாருங்க, குடமெல்லாம் கருகிப்போச்சு. வெறும் இலையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

சென்ற ஏப்ரலில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தொங்குதொட்டியைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்தார். அவருடைய மகன் மெயின்லேண்டில் படிப்பை முடித்துத் திரும்பியபோது வாங்கிய குடுவைச் செடி அது. மூன்று நாள் கப்பலிலும், பிறகு ரங்கத் வரையிலான பஸ்ஸிலும் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தான். பிறகு அவன் வேலைக்காக மறுபடியும் கப்பல் ஏறிவிட்டான். போனில் பேசும்போதெல்லாம் முதலில் செடியைத்தான் விசாரிக்கிறானாம். அக்காவும் "நல்லா இருக்கு" என்றே சொல்லி வந்திருக்கிறார்.

நம் அன்பர்கள் சிலருடைய வீடுகளிலும் இந்தச் செடி வந்துவிட்டதால், அதற்கு வரும் நோய்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பள்ளிப் பாடத்தில் 'நெப்பந்தஸ்' என்று படித்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் இதைக் 'குரங்குப் பானை' என்பார்கள். குடம் என்பது பூவும் அல்ல, காயும் அல்ல. இலையின் நுனி நரம்பு கொடிபோல் நீண்டு, அதன் முனைதான் ஊதிக் குடுவையாகிறது. விளிம்பில் வழுக்கி விழும் எறும்பும் ஈயும் உள்ளே இருக்கும் திரவத்தில் செரித்துப் போகின்றன. இதன் உறவினங்கள் பெரும்பாலும் சத்தில்லாத மண்ணில் வளர்பவை. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தை இப்படிப் பூச்சியிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

முதலில் ஒரு சமாதானம். பழைய குடம் காய்வது நோயல்ல. ஒவ்வொரு குடத்துக்கும் சில வாரங்களோ சில மாதங்களோதான் ஆயுள். மூடிப் பக்கமிருந்து பழுத்துக் கீழே காய்ந்து வரும். புதுக் குடங்கள் வந்துகொண்டிருந்தால் கவலை வேண்டாம். புது இலைகள் வந்தும் நுனியில் குடம் ஊதாமல் கருகினால்தான் விசாரிக்க வேண்டும்.

நான் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்பதுதான். டிசம்பர் வரை மழை. அதனால் செடி நன்றாக இருந்தது. ஜனவரியிலிருந்து கிணற்றுத் தண்ணீர். இலை ஓரங்கள் பழுப்பாகி, தொட்டியின் மேல்மண்ணில் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் இந்த வேருக்கு ஆகாது. உங்கள் வீட்டுத் தண்ணீர் ஏற்றதா என்று அறிய, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகக் காரை பிடித்திருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுகிறேன் என்பார் சிலர். கொதிக்க வைத்தாலும் உப்பு முழுவதும் போய்விடாது.

ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. மழை பெய்யும் ஊரில் இருந்துகொண்டு இந்தச் செடிக்குத் தண்ணீர் இல்லை என்பது வேடிக்கைதான். நவம்பர், டிசம்பரிலேயே இரண்டு பெரிய கேன்களில் மழைநீர் பிடித்து மூடி வையுங்கள். தகரக் கூரையில் முதல் மழை அழுக்கை அடித்துக்கொண்டு போன பிறகு பிடிப்பது நல்லது. கொசு வராமல் வாயைத் துணியால் கட்டுங்கள், மண்ணெண்ணெய் விட்டுவிடாதீர்கள். ஒரு செடிக்கு நான்கு மாதமும் அது தாராளம். தீர்ந்துபோனால் ஆர்.ஓ. தண்ணீர், அல்லது பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். கடையில் ஆசிட் கேனை மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள்! உப்பு ஏறிய தொட்டியில் மழைநீரை அடியில் வழிந்தோடும்படி நாலைந்து முறை ஊற்றிக் கழுவ வேண்டும். தட்டில் தண்ணீர் தேக்கி அதில் தொட்டியை நிறுத்தக் கூடாது. எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் சேறு ஆகாது. சேறானால் வேர் அழுகி, மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடும்.

அடுத்தது உரம். இதில் நானே குற்றவாளி. எனது முதல் செடி மெலிந்திருக்கிறதே என்று ஒரு கரண்டி டி.ஏ.பி.யும் கடலைப் புண்ணாக்குத் தண்ணீரும் வைத்தேன். பத்து நாளில் வேர் வெந்து செடி போய்விட்டது. பிழைத்தாலும் பயனில்லை, வேரிலேயே தழைச்சத்து நிறையக் கிடைத்தால் செடி குடம் போடச் சிரமப்படாது. குழந்தைகள் குடத்துக்குள் மீன் துண்டும் சோறும் போடுவார்கள். அது அழுகி, குடத்தையும் அழுக்கி நாற்றமடிக்கும். நம் ஊரில் எறும்புக்குப் பஞ்சமா? அது தானாகவே பிடித்துக்கொள்ளும். குடம் சாய்ந்து நீர் கொட்டிவிட்டால் மட்டும் கொஞ்சம் மழைநீர் விடலாம்.

தண்ணீரும் உரமும் சரியாக இருந்தும் குடம் வரவில்லையானால் வெளிச்சத்தைப் பாருங்கள். இலை பெரிதாக, கரும்பச்சையாக, துவண்டு தொங்கினால் வெளிச்சம் போதவில்லை. சிவந்து, திட்டுத்திட்டாகக் கருகினால் வெயில் அதிகம். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு நிழல்வலை அல்லது மரநிழல் என்றால் சரி. பிப்ரவரி, மார்ச்சின் வறட்டுக் காற்றிலும் மின்விசிறிக்கு அடியிலும் குட மொட்டுகள் காய்ந்துவிடும். மற்றத் தொட்டிகளோடு சேர்த்து வையுங்கள். கடலோரம் குடியிருப்பவர்கள் இலையில் படியும் உப்பையும் மழைநீரால் கழுவ வேண்டும். குளிர்ந்த இரவு வேண்டும் உயர்மலை இனங்களும் விற்பனைக்கு வருகின்றன. அவை ரங்கத்தில் என்ன செய்தாலும் குடம் போடா.

மண்ணுக்குப் பதில் தேங்காய் மட்டைத் துண்டும் மரக்கரியும் போதும். ஆனால் மட்டையிலும் உப்பு உண்டு. இரண்டு நாள் ஊறவைத்து மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். சிப்பியும் பவளத்தூளும் கலந்த கடல் மணல் கூடவே கூடாது.

எறும்பு வரிசையாக ஏறியும் குடத்தில் விழாமல் இலையடுக்கில் கூடினால், அங்கே மாவுப்பூச்சி இருக்கும். அதன் தித்திப்புக்காக எறும்பே அதைக் காவல் காக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து எடுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம்.

புதிதாக வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் இயற்கையாக உள்ள ஒரே இனமான காசி நெப்பந்தஸ் மேகாலயக் குன்றுகளுக்குரியது. காரோ மக்கள் அதைப் 'பேய்க் கூடை' என்ற பொருளில் 'மேமாங் கோக்ஸி' என்று அழைக்கிறார்கள். காட்டில் தோண்டித் தோண்டி விற்றதாலும், காடு அழிந்ததாலும் அருகிவிட்ட இனம். அதன் சர்வதேச வணிகத்துக்குக் கடுந்தடை இருக்கிறது. பாக்மாராவில் இந்தச் செடிக்கென்றே ஒரு சிறு சரணாலயமும் உண்டு. ஆகவே வேரறுந்த, கிழிந்த இலையுள்ள காட்டுச் செடியை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பதியம் போட்டு வளர்த்த கலப்பினச் செடிகளே நம் தாழ்வாரத்துக்கும் ஏற்றவை.

அக்காவின் செடியைக் கழுவி, மட்டை மாற்றி, கொய்யா மரத்தடியில் தொங்கவிட்டோம். மே மாதம் முழுவதும் ஒன்றுமில்லை. "போயிடுச்சு தம்பி" என்றார். இடம் மாற்றினாலே இரண்டு மாதம் கோபித்துக்கொள்ளும் ஜாதி இது, பொறுங்கள் என்றேன். மழை பிடித்து ஜூன் கடைசியில் ஒரு நுனி கட்டைவிரல் அளவு ஊதி, மூடி திறந்தது. அக்கா அதைப் படமெடுத்து மகனுக்கு அனுப்பினார். அவனோ, "பழைய குடமெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டிருக்கிறான்!

நீண்டுபோன கொடியை வெட்டி எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். மூன்று கணு உள்ள அந்தத் துண்டை ஈர மட்டையில் நட்டு நிழலில் வைத்திருக்கிறேன். வேர்விட இரண்டு மாதமாவது ஆகும்; அதுவரை இழுத்துப் பார்க்கக் கூடாது.