மாடி வெயிலும் மார்கழி நிழலும்



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் பல வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் இன்வர்ட்டர் ஒன்றும் கனத்த பாட்டரி ஒன்றும் குடியிருக்கக் காண்கிறோம். 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் வந்து சேர்ந்தவை அவற்றுட் பல. நாளுக்கு இரண்டு மணி நேரத் தடைக்கு அவை போதும். ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபின், பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பாட்டரி முதல் இரவிலேயே ஓய்ந்துவிட்டது. படுக்கையை விட்டு எழ இயலாத முதியவர் உள்ள இல்லத்தில் விசிறி நிற்பது சிறு துன்பமன்று. அன்று முதல், பாட்டரியைப் பெருக்கி மாடியில் சூரியத் தகடும் அமைக்க வேண்டுமென்ற எண்ணம் பலருக்கு எழுந்தது.

நல்ல எண்ணமே, ஆனால் கடைக்குப் போகுமுன் வீட்டுக்குள் ஒரு கணக்குப் போடவேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் அடங்குவது 1800 வாட்-மணி. அதனைப் பாதிக்குமேல் வற்றவிட்டால் ஆயுள் குறையும். ஆக நமக்குரியது 900. பழைய விசிறி இரண்டும் குழல் விளக்கு மூன்றும் 270 வாட் குடிக்கும். மூன்று மணி நேரத்தில் கதை முடிந்தது. 30 வாட்டில் சுழலும் புதுவகை விசிறிகளும் எல்.இ.டி. விளக்குகளும் மாட்டினால் 90 வாட் போதும். இன்வர்ட்டர் எடுத்துக்கொள்ளும் சுங்கம் போக எட்டு மணி நேரம் ஓடும். பாட்டரி அதே பாட்டரிதான்! அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் அந்தச் சுங்கத்தையே தவிர்க்க முனைந்தனர். 48 வோல்ட் நேர்மின்சாரத்திலேயே விசிறியையும் விளக்கையும் இயக்கும் அவர்களது முறை ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் சில ஆயிரம் வீடுகளுக்கு ஒளி தந்தது.

அதன் பின்னரே புதுப் பாட்டரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை குறைந்தது. கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிச் செலவிடலாம். ஆயினும் அதற்கு மின்னேற்றும் முறை வேறு. பழைய இன்வர்ட்டரும், தகட்டிலிருந்து வரும் மின்னோட்டத்தை நெறிப்படுத்தும் கருவியும் அதற்கு இசைந்தவைதாமா என்று கேட்டறிந்தே வாங்குக. பழைய பாட்டரியோடு புதியதைப் பிணைப்பது, கிழட்டு மாட்டோடு காளையை ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்று. மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் தகடுகள், பாட்டரி இல்லையேல், ஊர் மின்சாரம் நின்றதும் தாமும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்பவர் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. கொளுத்தும் வெயிலில் தகடு இருந்தும் விசிறி சுழலாதது கண்டு திகைத்தவர் உண்டு.

என் வீட்டு மாடியில் நேர்ந்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை இறுதியில் நானே இடம் பார்த்துத் தகட்டைப் பொருத்தச் செய்தேன். தெற்கே அடுத்த வீட்டு நீர்த்தொட்டி. அதன் நிழல் எங்கும் தென்படவில்லை. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் உள்ளது. சித்திரை நடுப்பகுதி முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகற் கதிரவன் தலைக்கு நேரேயோ சற்று வடக்கிலோ நிற்பான் என்பதை நான் எண்ணவில்லை. மார்கழியில் அவன் தெற்கே 36 பாகை சாய்ந்தான். தொட்டியின் நிழல் தகட்டின் குறுக்கே விழுந்தது. தகட்டிலுள்ள சில்லுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டவை. சில சில்லுகள் இருண்டாலும் விளைவு பெரிதும் குன்றும். புயலும் மழையும் வந்து மின்சாரம் அறுபடும் ஐப்பசி, கார்த்திகையில்தான் தகட்டின் உதவி மிகத் தேவை. மேகமூட்டத்தால் வெயில் குறைவதும் அப்போதுதான். அதன்மேல் நிழலும் விழுந்தால் மிஞ்சுவது என்ன?

மறு கோடையில் ஆள் வைத்துத் தகட்டை வடமேற்கு மூலைக்கு மாற்றினேன். கடற்காற்றில் பழைய இரும்பு மறைகள் துருவேறி இறுகிக் கிடந்தமையால், அவற்றை அறுத்தெடுக்கவே அரைநாள் ஆயிற்று. புதியவை எவர்சில்வர்.