மணல் கல்லான வரலாறு

மதுரை மாநகரின் தென்மேற்கில் அமைந்துள்ளது பழங்காநத்தம். அங்கு நின்று நோக்குவார்க்குப் பசுமலையும், அதற்கப்பால் திருப்பரங்குன்றமும் தோன்றும். அக்குன்றத்தின் கல் மிகக் கடினமானது. நிலத்தின் ஆழத்தே, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் பெருவெப்பத்தால் உருமாறிய பாறை அது. மதுரைச் சமவெளியின் அடித்தளமும் அத்தகைய பாறையே. அங்குக் கிணறு தோண்டுவோர் சில முழ மண்ணைக் கடந்ததும் பாறையை முட்டுவர். பாறையின் வெடிப்புகளில் ஊறும் நீரே அவர்க்குக் கிடைப்பது.

கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் சிவகங்கை. அதன் பக்கத்தில் நிலத்தின் இயல்பே மாறிவிடுகின்றது. கூழாங்கற்கள் செறிந்த அடுக்கும், பருமணல் இறுகிய மணற்பாறையும், களிப்பாறையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நிலநூலார் இவற்றைச் 'சிவகங்கை அடுக்குகள்' என்பர். இத்துணை அருகில் இவ்வளவு வேறுபாடு நேர்ந்தது எவ்வாறு?

பண்டு இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகியவை ஒட்டிக் கிடந்தன. அப்பெருநிலத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரியத் தொடங்கின. இழுபட்ட நிலம் வடகிழக்குத் தென்மேற்காக நெடிய பிளவுகளாக வெடித்தது. கோடையிற் காய்ந்த கண்மாயைக் கண்டோர் இதனை ஓரளவு உணரலாம். ஆயின் கண்மாயின் வெடிப்பு சாண் ஆழத்தது. இங்கோ பிளவுகளுக்கு இடைப்பட்ட நிலத்துண்டுகள் கீழே அமிழ்ந்தன. சில துண்டுகள் வரம்புகள்போல் உயர்ந்தே நின்றன. இவ்வாறு உண்டான பள்ளமே காவிரிப் படுகை. அதன் ஆழமான இடங்களில் இன்று 5 கிலோமீட்டருக்கும் மிகுந்த பருமனில் படிவுகள் நிறைந்துள்ளன.

மேட்டுநிலப் பாறை வெயிலாலும் மழையாலும் உதிர்ந்தது. அதனை ஆறுகள் பள்ளத்திற்கு வாரிக் கொணர்ந்தன. ஓட்டம் தணிந்த இடத்தில் முதலில் கூழாங்கல் தங்கும். பின்னர் மணல் படியும். தேங்கிய நீரிலேதான் களி அடங்கும். பள்ளம் அமிழ அமிழ, மேலும் மேலும் மணல் சேர்ந்தது. மேற்சுமை அழுத்த, நிலத்தடி நீரில் கரைந்து வந்த பொருள்கள் மணியோடு மணியைப் பிணிக்க, மணல் கல்லாயிற்று.

இவ்வரலாற்றுக்குச் சான்று அப்பாறையிலேயே உண்டு. வெங்கச்சங்கல் எத்துணைத் தொலைவு உருண்டாலும் எளிதில் அழியாது. பெல்ஸ்பார் என்னும் கனிமமோ விரைவில் சிதைந்து களியாகும். சிவகங்கை மணற்பாறையில் பெல்ஸ்பார் மணிகள் சிதையாமல் எஞ்சியுள்ளன. ஆகவே, அம்மணல் நெடுந்தொலைவு வந்ததன்று. அருகிலிருந்த மேட்டினின்று விரைந்து இறங்கிப் புதைந்தது என்று துணியலாம். களிப்பாறையில் டைலோபில்லம் என்னும் செடியின் இலைத்தடங்கள் உள்ளன. ஈந்துபோன்ற இலையுடைய அச்செடியினம் உலகில் இன்று இல்லை. திருச்சிராப்பள்ளியை அடுத்த தெரணியிலும், இலங்கையில் புத்தளத்தை அடுத்த தப்போவையிலும் அதன் தடங்கள் கிடைத்துள்ளன. கடல் பிரித்த இரு நிலங்களை ஓர் இலை இணைத்துக் காட்டுதல் வியப்பன்றோ! கடல் பின்னரே உட்புகுந்தது. உத்தத்தூர்ப் பாறைகளில் காணும் சுருள்சிப்பிகள் அதனைக் காட்டுகின்றன.

மணற்பாறையின் நுண்துளைகள் நீரைத் தேக்கும். ஆதலின், கடும்பாறை நிலத்தினும் படிவு நிலத்தில் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் பயன் மிகுதி. படுகையின் ஆழத்தே எண்ணெயும் எரிவாயுவும் தேங்கியிருப்பதும் இத்தகைய துளைகளிலேயாம்.

மணல் கொணரும் தொழிலை வையை இன்னும் விடவில்லை. வருசநாட்டு மலைகளை அரித்து அது கிழக்கே வருகின்றது. ஆயினும் 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணை, மலைமணலில் பெரும்பகுதியைத் தன்னிடத்தே தடுத்துக்கொள்கின்றது. அணைக்குக் கீழே கிடந்த பழைய மணலையும் மக்கள் வீடு கட்டுதற்கு அள்ளினர். பல இடங்களில் ஆற்றின் தரை தாழ்ந்துவிட்டது. அம்மணலில் ஊறி நின்ற நீரை நம்பிய கரையோரக் கிணறுகளில் நீர்மட்டமும் அதனுடன் இறங்கியது.