"எனக்கு யாரும் வேண்டாம்" என்று அம்மா சொன்னால்

அம்மாவின் முழங்கை நீலமாகக் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு, "கதவு இடிச்சிடுச்சுப்பா" என்றாள். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள் என்பது பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. "ஏம்மா மறைச்சே?" என்றேன். "சொன்னா வீட்டைப் பூட்டிட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவே."

ஆறு மாதமாக நான் துணைக்கு ஆள் வைப்பதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன். அவளோ வீட்டுச் சாவியை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

பெரியவர்களின் "வேண்டாம்" எல்லாம் பிடிவாதமல்ல. கைத்தடி பிடித்தால் தெரு என்ன சொல்லும் என்ற கூச்சம் இருக்கும். தன் அடுப்படியில் வேற்று ஆள் நுழைவது பிடிக்காது. மகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணமும் உண்டு. காது சரியாகக் கேட்காததை மறைக்கவே டாக்டரிடம் வர மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் தெரியாமல் வற்புறுத்தினால் அடுத்த முறை விழுந்ததையும் மறைப்பார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி வந்தது. பிறகு இரவு விளக்கு. படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழப் பழகினாள். அதன் பிறகே, "ஒரு வாரம் பாரும்மா, பிடிக்கலைன்னா நிறுத்திடலாம்" என்றேன். ஆளைத் தேர்ந்தெடுத்தது அம்மாதான். காலை எட்டு மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போகிறார். சாவி இன்னும் அம்மாவின் இடுப்பில்தான்.

தெளிந்த மனத்தோடு ஒருவர் சிகிச்சையை மறுத்தால் அது அவர் உரிமை. பிள்ளை என்ற உறவு மட்டும் அவரை வலுக்கட்டாயமாக முதியோர் இல்லத்தில் சேர்க்கும் அதிகாரத்தைத் தந்துவிடாது. ஆனால் நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இரண்டே நாளில் குழறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர்த் தொற்று, உடம்பில் உப்பு குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். மறதி மெல்ல மெல்லக் கூடினால் தைராய்டையும் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியானால் மறதியும் குறையக்கூடும். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

காகிதங்களை நினைவு தெளிவாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பவர் எழுதி வாங்கிவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறிவிட்டால் அந்தப் பவர் சட்டப்படி முடிந்துபோகிறது. மனநலச் சிகிச்சையில் தன் சார்பாக யார் துணை நிற்க வேண்டும் என்பதை 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி வெள்ளைத்தாளிலேயே எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைக்கலாம்.

வீட்டை எழுதிக் கொடுத்தால்தான் பார்த்துக்கொள்வோம் என்று யாராவது சொன்னால், அவசரமே வேண்டாம். செட்டில்மென்ட் எழுதியே தீர வேண்டுமென்றால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். மீறினால் 2007 ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவர் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை இப்படித்தான் ரத்து செய்தது.

சோறும் மருந்தும் மறுக்கப்பட்டால் இதே சட்டப்படி தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மகன், மகள், வயதுவந்த பேரப்பிள்ளைகள் எல்லோரும் பொறுப்பாளிகள். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடக்க முடியாதவர் சார்பில், அவர் அனுமதித்த வேறொருவரோ தொண்டு அமைப்போ போகலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக அலைய முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். யோசனை கேட்க யாருமில்லை என்றால் 14567, முதியோர் உதவி எண், கட்டணம் கிடையாது. அந்த அழைப்பை அம்மாவுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள்.